அச்சேறாக் கோடுகள்: கைடு இலக்கணம் குறித்த ஓர் ஆய்வு

தச்சர் மரத்தில் பிடிக்கும் கயிற்றையும் புலவர் இயற்றும் ஏட்டையும் தமிழ் 'நூல்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பதற்குப் பவணந்தி முனிவர் நன்னூலில் காரணம் காட்டியுள்ளார்: மரத்தின் கோணலை முன்னது தீர்ப்பதுபோல் மனத்தின் கோணலைப் பின்னது தீர்க்கும் என்பது அவர் கருத்து. பக்கத்தின் கோணலைத் தீர்ப்பது யாது என்னும் வினாவை, அவர் காலத்தில் டி.டி.பி. மையங்கள் இல்லாமையால், அவர் எழுப்பினாரில்லை. அக்குறையை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

கைடு என்பது, இன்டிசைன் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் திரையின் மேலும் இடமும் உள்ள அளவுகோல்களிலிருந்து சுட்டியால் இழுத்து நிறுத்தப்படும், திரையில் தோன்றித் தாளில் தோன்றாத கோடாகும். நிறத்தால் இதன் இனம் அறியப்படும்: ஓரத்தை வரையறுக்கும் மார்ஜின் கோடு கருஞ்சிவப்பு, பத்தியைப் பிரிக்கும் காலம் கோடு ஊதா, வடிவமைப்பாளர் தாமே இழுத்தது இளநீலம். இவற்றை மாற்றிக்கொள்ள வசதி உண்டு எனினும் அதற்குப் பொழுதுள்ள வடிவமைப்பாளர் அரியர்.

கைடுக்கு ஈர்ப்பு என்றொரு குணம் உண்டு. தொழிலில் இதனை 'ஸ்னாப்' என்பர். நகர்த்தப்படும் பெட்டி கோட்டுக்கு 4 பிக்சல் தொலைவுக்குள் வந்ததும் தானே போய் ஒட்டிக்கொள்ளும். கோட்டை மறைத்துவிட்டால் இவ்வீர்ப்பும் போய்விடுகிறது. ஆனால் எழுத்துகள் அமரும் அடிக்கோடுகளை ஒரே இடைவெளியில் பக்கம் முழுதும் விரிக்கும் பேஸ்லைன் கிரிட்டோ, கண்ணுக்குத் தெரியாத நிலையிலும் பிடித்திழுக்கும் இயல்பினது. முன்னதை மேலதிகாரிக்கும் பின்னதை மாமியாருக்கும் ஒப்பிடுவோர் உளர். ஆய்வு நெறி அதனை ஏற்பதற்கில்லை.

இக்கிரிட் இன்டிசைனில் 12 பாயின்ட் இடைவெளியுடன் பிறக்கிறது. ஆங்கில எழுத்துக்கு அது போதும். மேலே இகர வளைவும் கீழே உகரச் சுழியும் கொண்ட தமிழ் வரிகள் அவ்விடைவெளியில் ஒன்றன் காலை மற்றொன்று மிதிக்கும் எனக் கருதும் வடிவமைப்பாளர், திருமண அழைப்பிதழின் வரி இடைவெளியாகிய லீடிங்கை 13 பாயின்டாக உயர்த்துகிறார் எனக் கொள்வோம். வரிகள் கிரிட்டில் அமர வேண்டுமென்னும் கட்டளையும் உடன் இருப்பின், 12இல் அமர இயலாத ஒவ்வொரு வரியும் அடுத்த கோடாகிய 24க்குத் தாவும். ஒரு பாயின்ட் கேட்டவருக்குப் பன்னிரண்டு கிடைக்க, பெட்டி கொள்ளாத பாதி வரிகள் அதன் கீழ்மூலையில் தோன்றும் சிறு சிவப்புக் கூட்டல் குறிக்குள் ஒடுங்கிவிடுகின்றன. மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயர் அச்சில் விடுபட்டுக் குடும்பங்கள் பேச்சை நிறுத்துவதற்கு இக்குறியும் ஒரு காரணமாகலாம். சமூகவியலார் இதனைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இத்துணைக் கட்டுப்பாட்டையும் ஒரு சொல்லால் உடைக்க வல்லவர் வாடிக்கையாளர். நாற்காலிக்குப் பின்னின்று திரையில் விரல் வைத்து, "தம்பி, பிள்ளையாரை மட்டும் ஒரு நூல் மேலே ஏத்துங்க" என்பார். தச்சர் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம். அங்குலத்துக்கு 72 பாயின்ட் ஆதலின் ஒரு நூல் 9 பாயின்டாகிறது. பன்னிரண்டின் மடங்குகளில் கட்டப்பட்ட பக்கத்தில் ஒன்பதுக்கு இடமில்லை. எனினும் பிள்ளையார் ஏறுவார். ஏனெனில் பணம் தருவது கிரிட் அன்று. பவணந்தியார் சொன்ன நூலும் தச்சரின் நூலும் இவ்விடத்தில் முரண்படுவதை உரையாசிரியர்கள் ஆராய்தல் தகும்.

பிள்ளையார் ஏறியபின் தவறாது எழும் அடுத்த வினா, "அந்த நீலக் கோடு பிரிண்ட்ல வருமா?" என்பது. வராது, அச்சிடும்போது திறக்கும் பெட்டியில், தெரியும் கைடுகளையும் சேர்த்து அச்சிடுக என்னும் கட்டத்தில் எவரேனும் டிக் செய்திருந்தாலன்றி.