மூக்குடைந்த மகாகவி

லண்டன்

மகா கனம் பொருந்திய பெரியப்பா அவர்களுக்கு அநேக நமஸ்காரம்.

இவ்விடம் க்ஷேமம். அதியமான்கோட்டையில் தாங்களும் பெரியம்மாவும் மற்றுமுள்ளவர்களும் க்ஷேமமாயிருக்கக் காலபைரவரைப் பிரார்த்திக்கிறேன். தொலைபேசியில் பேசுவது பேச்சே அல்ல, காதுக்குள் கத்துவது என்பது தங்கள் சித்தாந்தமாகையால், வழக்கம்போல் கடிதமாகவே எழுதுகிறேன்.

சின்னவன் தருமபுரியில் கட்டிவரும் புது வீட்டுக் கூடத்தில் வைக்க, பேர்போன வெள்ளைக்காரச் சிலையின் பிரதி ஒன்று, ஆளுயரத்தில் இல்லாவிட்டாலும் மார்பளவிலாவது, வாங்கி அனுப்பும்படி எழுதியிருந்தீர்கள். இந்த விஷயத்தில் அடியேன் பெற்றிருக்கும் அனுபவம் கொஞ்சமல்ல. ஏனெனில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மாள், எழுபது வயதைத் தாண்டிய புண்ணியவதி, மாடிப்படி தொடங்கி ஸ்நான அறை வரைக்கும் கழுத்தோடும் மார்போடும் நின்றுபோன மனிதர்களையே வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறாள். முதல் நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தவன் இருட்டில் ஒரு தாடிக்காரரின் முகத்தைத் தடவிவிட்டு, மன்னிப்பும் கேட்டுக்கொண்டு, அறைக்குத் திரும்பிக் கதவைத் தாளிட்டுக்கொண்டேன்.

காலையில் விசாரித்ததில், அவர் ஹோமர் என்னும் கிரேக்க மகாகவி என்று தெரிந்தது. அவருடைய முகத்தை நேரில் கண்டு செதுக்கியவர் எவருமில்லை. அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் வந்த சிற்பிகள், குருட்டுக் கவி என்ற கர்ண பரம்பரையைக் கேட்டு, கண்களைக் குழியாக்கித் தாடியை வளர்த்து அவருக்கு ஒரு முகத்தைத் தானம் செய்தார்கள். இதைக் கேட்டு நான் நகைக்கவில்லை. நம் ஊர் அதியமான் கோட்டத்தில் நெல்லிக்கனி வாங்கும் ஔவைப் பாட்டியின் முகத்தையும், இதே லண்டனில் கீழ்த்திசைக் கல்விக் கழகத்துத் தோட்டத்தில் 1996 முதல் அமர்ந்திருக்கும் திருவள்ளுவரின் முகத்தையும் நாம் பெற்ற விதம் அதுதானே!

இந்த ஹோமருக்கும் எனக்கும் நேர்ந்த விபத்தைச் சொல்லாமல் விடுவது தர்மமன்று. மழையில் நனைந்த குல்லாவை அவர் தலையில் மாட்டி உலர்த்துவது என் வழக்கமாயிருந்தது. ஒரு நாள் அவசரமாக அதை இழுத்தபோது, குல்லாவோடு மகாகவியும் கூடவே புறப்பட்டு வந்து, படியில் முகங்குப்புற விழுந்து மூக்கை இழந்தார். பளிங்கு என்று நான் நம்பியிருந்தது பாரிஸ் சாந்து. உள்ளே வெறும் பொள்ளல். நம் ஊரில் விக்கிரகம் பின்னப்பட்டால் பூஜைக்கு ஆகாதென்று ஆற்றிலோ குளத்திலோ சேர்த்துவிடுகிறோம் அல்லவா? அந்த ஞாபகத்தில், எந்த ஏரியில் விடுவதென்று யோசித்தபடி நடுங்கி நின்றேன். அம்மாளோ, உடைந்த மூக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இப்போதுதான் நிஜமான புராதனச் சிலை மாதிரி இருக்கிறது!" என்று பூரித்து, மாடிப்படிப் பீடத்திலிருந்த மகாகவியைக் கணப்பு மேடையின் நட்ட நடுவுக்குப் பதவி உயர்த்திவிட்டாள். மூக்குடைபட்டவன் கௌரவம் குறையுமென்ற நம் பேச்சு வழக்கு இங்கே செல்லுபடியாகாது.

யோசித்துப் பார்த்தால் அம்மாள் சொன்னது பிசகில்லை. 1820-இல் மீலாஸ் தீவில் அகப்பட்டுப் பாரிஸுக்குப் போன வீனஸ் தேவிக்கு இரண்டு கையும் இல்லை; அந்தக் கைகள் எப்படி இருந்திருக்கும் என்று பண்டிதர்கள் சண்டையிட்டுச் சண்டையிட்டே அவளுடைய கீர்த்தி வளர்ந்தது. இங்குள்ள பிரிட்டிஷ் மியூசியத்தில் வட்டு எறியும் வீரன் ஒருவன் இருக்கிறான். மைரன் என்னும் கிரேக்கச் சிற்பி வெண்கலத்தில் வார்த்த மூலம் என்றோ அழிந்துபோக, ரோமர்கள் பளிங்கில் எடுத்த பிரதிகளுள் ஒன்று இது. 1791-இல் பூமியிலிருந்து கிடைத்த இதற்குத் தலையைப் பொருத்தியவர்கள், வட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டிய முகத்தைத் தரையைப் பார்க்கும்படி வைத்துவிட்டார்கள். பிரதி, அதிலும் தலை கோணல். ஆனாலும் ஜனங்கள் மூச்சடக்கி நின்று பார்க்கிறார்கள்.

பிரதிகளுக்கென்றே அரண்மனை போன்ற கூடங்கள் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் 1873 முதல் இருக்கின்றன. டிராஜன் சக்கரவர்த்தியின் வெற்றித் தூணுக்குச் சாந்தில் எடுத்த பிரதி, கூரையை முட்டுமாதலால் இரண்டு துண்டாக நிற்கிறது. சின்னவன் ஆசைப்படும் மைக்கலாஞ்சலோவின் டேவிட் வாலிபனும், ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், பிறந்த மேனியாக அங்கே நிற்கிறான். 1857-இல் டஸ்கனி பிரபு விக்டோரியா மகாராணிக்கு அனுப்பிய நன்கொடை அது. ராஜ குடும்பத்து ஸ்திரீகள் வரும்போது மாட்டுவதற்கென்று சாந்திலேயே ஓர் அத்தி இலை செய்து, கொக்கிகளோடு தயாராக வைத்திருந்தார்களாம். அந்த இலை இப்போது தனிக் கண்ணாடிப் பெட்டியில் காட்சிப் பொருளாகிவிட்டது. சின்னவன் கூடத்தில் டேவிட் வருவதானால், சம்பந்தி வீட்டார் வரும் நாள்களில் மாட்டுவதற்கு அந்த இலையும் கூடவே வரவேண்டும் என்பதை நான் முன்கூட்டியே விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

இன்னொரு சமாசாரம் தங்களுக்கு மிகவும் ருசிக்கும். 1792-லிருந்து ஏழு வருஷம் கேப்டன் ரீடின் கீழ்ப் பாராமஹாலில் நிலம் அளந்து தீர்வை கண்ட "நம்ம தருமபுரி துரை" தாமஸ் மன்றோ, சென்னையில் 1839 முதல் சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார் அல்லவா? சிற்பி மறந்துவிட்டான், அந்த வெட்கத்தில் பிராணனை விட்டான் என்று தாங்கள் எங்களுக்குச் சொன்ன கதையை நான் இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். இங்கே டிரபால்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னர். ராயல் எக்ஸ்சேஞ்ச் வாசலில் வெல்லிங்டன் பிரபு. இருவரும் மன்றோவை வார்த்த அதே சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரேயின் பட்டறைக் குதிரைகளில் ஏறியிருக்கிறார்கள். இருவருக்கும் அங்கவடி இல்லை! மூன்று தடவை ஒரே சாமானை மறக்க ஒருவனால் முடியுமா? பழைய ரோமர் பாணியில் அமைத்தால் அப்படித்தான் இருக்கும் என்பது விளக்கம். ஆனாலும் சென்னையில் அந்தத் துரையை அடையாளம் சொல்வது அவருடைய தீர்வைத் திட்டத்தால் அல்ல, காணாமற்போன அங்கவடியால்தான். சிலைகளுக்கு இருப்பதைக் காட்டிலும் இல்லாததே பேரைக் கொடுக்கிறது போலும்.

இப்படி நினைக்கும்போது நம் தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்கள் கண்முன் வருகின்றன. மாடு மீட்கப் போய் மாண்ட அந்த மறவர்களின் மூக்கும் முழியும் மழையில் தேய்ந்துவிட்டன. ஆனால் வட்டெழுத்து அவர்கள் பேரை விடவில்லை. செங்கத்துப் பக்கம் எடுத்தனூரில், எஜமானனோடு நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்ற நாயின் பேரைக்கூடக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இங்கே எங்கள் மாடிப்படியில் முகம் முழுமையாக இருக்கும் ஒன்பது பேரில் ஆறு பேர் யாரென்று அம்மாளுக்கே தெரியாது.

நிற்க. ஹோமர் பதவி உயர்வு பெற்றதும் மாடிப்படிப் பீடம் காலியாயிற்று. மறுநாள் வேலையிலிருந்து திரும்பினால், அங்கே அம்மா என் பெட்டியில் துணிக்கு நடுவே திணித்து அனுப்பிய அம்மிக்குழவி நின்றுகொண்டிருந்தது! விமான நிலையத்தில் ஓர் உத்தியோகஸ்தர் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, ஒன்றும் விளங்காமல் விட்டுவிட்ட அதே குழவிதான். சமையலறையில் கண்டெடுத்த அம்மாள், "எந்தச் சிற்பி? எவ்வளவு எளிமை!" என்று வியந்து, நிமிர்த்தி வைத்து, மேலே ஒரு விளக்கும் போட்டுவிட்டாள். நான் உண்மையைச் சொன்னேன், அவள் நம்பவில்லை. அதன் வழவழப்பு நாலு தலைமுறைப் பெண்களின் கைபட்டு வந்தது என்றேன். அதைமட்டும் உடனே நம்பினாள். விருந்தாளிகள் வந்து பார்த்துப் போகிறார்கள். நான் ஒரு மாதமாகத் துவையல் சாப்பிடவில்லை.

ஆகையால் சின்னவனுக்கு என் யோசனை: கொல்லையில் கவிழ்ந்து கிடக்கும் பாட்டியின் ஆட்டுக்கல்லை நிமிர்த்திக் கழுவிக் கூடத்தில் வைக்கட்டும். உடைய மூக்கில்லை, மறக்க அங்கவடியில்லை, தொங்கவிட இலையும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக அது பிரதியன்று. லண்டனுக்கு யாராவது புறப்பட்டால், தயவுசெய்து எனக்கு இன்னொரு குழவி கொடுத்தனுப்பவும். இம்முறை கொஞ்சம் அவலட்சணமானதாகப் பார்த்து அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மகன்