கண்ணை மூடினால் கலர் படம்

கேள்வி: மாலையில் மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கத்துக்கு பஸ்ஸில் மேற்கு ஜன்னலோரம் வருகிறேன். சவுக்குத் தோப்பைத் தாண்டும்போது வெயில் முகத்தில் வெட்டி வெட்டி அடிக்கிறது. கண்ணை மூடினால் பச்சை, நீலம் என்று கட்டம் கட்டமாகக் கோலம்! டாக்டரிடம் போவதா, பூசாரியிடமா?
- வாசகி, கல்பாக்கம்

பதில்: இரண்டு பேருக்கும் ஃபீஸ் அழ வேண்டாம். மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். ஒன்றரை மீட்டருக்கு ஒரு மரம் நின்றால், வெயில் நொடிக்குப் பதினோரு தடவை அணைந்து எரிகிறது. மூளையைக் கிறங்கடிக்க அந்த வேகம் தாராளம். மூடிய இமை வழியே வருவது பெரும்பாலும் சிவப்பு வெளிச்சம்தான். பச்சையும் நீலமும் உங்கள் விழித்திரையும் மூளையும் சேர்ந்து செய்யும் சொந்தத் தயாரிப்பு! 1894-ல் இங்கிலாந்தில் பென்ஹாம் என்பவர் விற்ற பம்பரத்தில் இருந்தது கறுப்பும் வெள்ளையும் மட்டுமே. சுற்றினால் நிறங்கள் தெரிந்தன. நிறம் உணரும் செல்கள் எல்லாம் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை என்பதே அதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். (நம் ஆபீஸ்களும் அப்படித்தானே!)

1958-ல் பிரான்சில் மார்செய் போகும் பஸ்ஸில் ஓவியர் பிரையன் கைசினுக்கும் சாலையோர மரங்கள் இதே படத்தைக் காட்டின. அவர் பூசாரியைத் தேடவில்லை. நண்பரோடு சேர்ந்து சுழலும் விளக்கு ஒன்றைச் செய்து ‘கனவு இயந்திரம்’ என்று பெயர் வைத்தார்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. இப்படி மினுக்கும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைத் தூண்டிவிடும். வீட்டில் அந்தத் தொந்தரவு உள்ளவர் யாராவது கூட வந்தால், கடல் பக்க சீட்டை அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.