எட்டா, ஒன்பதா?

என் கால் அகலமானது. இதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூட ஷூ வாங்கப் போகும்போதெல்லாம் அம்மா கடைக்காரரிடம், "கொஞ்சம் பெருசா எடுங்க, முறமாட்டம் வெச்சிருக்கான்" என்பாள். கடையில் இருக்கிற அத்தனை பேரும் என் காலைப் பார்ப்பார்கள். அதனாலோ என்னவோ, விவரம் தெரிந்த நாளிலிருந்து யார் கேட்டாலும் "எட்டு" என்றே சொல்லிவந்தேன். எட்டு கௌரவமான எண். ஒன்பது என்றால் அலுவலகத்தில் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் இதுவரை யாரும் ஷூ எண் கேட்டதில்லை.

ஹவாய் செருப்போடு திரிந்தவரை இந்தப் பொய்க்குச் சேதமில்லை. சுண்டுவிரல் ஓரமாகத் தரையைத் தொட்டுக்கொண்டு கூடவே வரும், அவ்வளவுதான். குட்டு உடைந்தது சைக்கிளால்.

சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதும் கியர் சைக்கிள் ஒன்று வாங்கினேன். சென்னையில் கியர் சைக்கிள் வாங்கியவனுக்கு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டால் போக்கிடம் கிடையாது. பழைய கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். நீலாங்கரை வரை சுகம். முட்டுக்காடு பாலம் வருவதற்குள் பாதத்தின் முன்பகுதி எரிய ஆரம்பிக்கும். கோவளத்தில், விரல்கள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

"சோல் மெத்துனு இருக்கு அங்கிள், அதான். ஷூவும் டைட்டு. சைக்கிளிங் ஷூ வாங்குங்க" என்றான் கூட வந்த பையன். அங்கிள் என்றதை அப்போதைக்கு விட்டுவிட்டேன். அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. பாதத்தின் முன்பக்கம் ஐந்து நீள எலும்புகள், அவற்றுக்கு நடுவே நரம்புகள். மெத்தென்ற சோல் பெடல் மேல் வளைந்தால் பாரம் முழுவதும் ஒரே இடத்தில் இறங்கும். ஷூ பக்கவாட்டில் இறுக்கினால் எலும்புகள் நெருங்கி நரம்பை நசுக்கும். இரண்டு காரணம் சொன்னான். நான் முதலாவதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். இரண்டாவதை ஏற்றால் எட்டாம் எண்ணைக் கைவிட வேண்டுமே.

கடைக்குப் போனது காலை பத்து மணிக்கு. ஏசி குளிரில், மெல்லிய ஆபீஸ் சாக்ஸில், இரவெல்லாம் ஓய்வெடுத்த கால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சாயங்காலத்துக்குள் கால் வீங்கும், வெயிலில் மிதித்தால் இன்னும் வீங்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். வெள்ளை நிறத்தில், பளபளவென்று, கார்பன் சோலோடு ஒரு ஜோடி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஐரோப்பிய அளவு 42, நம் எட்டுக்குச் சமம் என்றார் கடைக்காரர். நம் எண்முறை பிரிட்டிஷ்காரர் விட்டுப்போனது. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் மூன்றில் ஒரு அங்குல வித்தியாசம். ஐரோப்பியர்களுக்கு அது மூன்றில் இரண்டு சென்டிமீட்டர். இரண்டும் எந்தக் காலத்திலும் கச்சிதமாகப் பொருந்தாது, கம்பெனிக்குக் கம்பெனி பட்டியல் மாறும். அதைவிட முக்கியம், இந்த எண்கள் நீளத்தைத்தான் சொல்லும். அகலத்தைப் பற்றி மூச்சுவிடாது. எனக்கு அதுதான் வசதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஷூவின் அடியில் மூன்று துளை. சைக்கிளுக்கு வாங்கியிருந்த பெடலோடு வந்த கிளீட்டுக்கோ, அதாவது ஷூவின் அடியில் திருகிப் பெடலில் பூட்டும் துண்டுக்கோ, இரண்டு திருகாணி. இரண்டும் வேறு வேறு வம்சம். பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பூட்டும் சாமான்கள் செய்துகொண்டிருந்த பிரான்சின் லுக் கம்பெனி, அதே உத்தியை 1984இல் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பெர்னார்ட் இனோ அந்தப் பெடலை மிதித்து ஐந்தாவது முறையாக டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். பந்தயக்காரர்களின் மூன்று துளைச் சங்கதி அது. 1990இல் ஷிமானோ கம்பெனி கொண்டுவந்த எஸ்பிடி வேறு வகை: சின்ன உலோகக் கிளீட், இரண்டு திருகாணி, சோலுக்குள்ளேயே பதுங்கிவிடும், இறங்கி நடக்கலாம். டீக்கடையில் இறங்கி நடப்பதுதான் என் சைக்கிள் ஓட்டத்தின் பிரதான அங்கம். இனோவுக்கு அந்தக் கவலை இருந்திருக்காது. ஆனாலும் ஷூவைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல், ஷூவுக்கு ஏற்ற பெடலை இன்னொரு தொகை கொடுத்து வாங்கினேன். வீட்டில் பாதித் தொகைதான் சொன்னேன்.

டீக்கடைத் தரையில் அந்த ஷூவோடு நடந்தபோது முன்கால் உயர்ந்து, குதிகால் தாழ்ந்து, டக் டக்கென்று சத்தம். மாஸ்டர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "பாத்துண்ணே, அங்க ஈரம்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

பெரிய விழுகை திருவான்மியூர் சிக்னலில். பெடலிலிருந்து விடுபட குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். நிற்பதற்கு முன்பே திருப்ப வேண்டும். வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நன்றாகப் பழகியிருந்தேன். சிக்னலில் சுவர் இல்லை. சிவப்பு விழுந்தது, பிரேக் பிடித்தேன், சைக்கிள் நின்றது, நான் மட்டும் மெல்ல இடப்பக்கம் சாய ஆரம்பித்தேன். சாயும்போது யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது, ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோ டிரைவர் இறங்கி வந்து தூக்கிவிட்டு, "ஏன் சார், காலைக் கீழ வெச்சிருக்கலாம்ல?" என்றார். அதைவிடச் சுருக்கமான சைக்கிள் பாடம் எனக்கு யாரும் எடுத்ததில்லை.

விழுந்ததற்கு ஷூவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எரிச்சல்? புது ஷூவில் அது முட்டுக்காடு வரை காத்திருக்கவில்லை, நீலாங்கரையிலேயே வந்துவிட்டது. அடையாறில் மரத்தடியில் செருப்பு தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். விரித்துப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். "தோலா இருந்தா கட்டை போட்டு ரெண்டு நாள் வெச்சா இளகிக் குடுக்கும் சார். இது பிளாஸ்டிக். உங்க காலைத்தான் சின்னதாக்கணும்."

அப்போதும் நான் அகலமான ஷூ தேடவில்லை. பெருந்தன்மையோடு ஒன்பதுக்கு ஏறினேன். அதிலும் இறுக்கவே, பத்து. அகலத்துக்காக நீளத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதைக் கால் உடனே சொன்னது. விரலுக்கு முன்னால் இடம் காலியாகக் கிடந்தது, ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் மேலே எழும்பியது. எழும்பாமலிருக்க நாடாவை இழுத்துக் கட்டினேன். கட்டியதில் மறுபடி நரம்பு நசுங்கியது.

இந்தக் கூத்து என்னோடு போகவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. பெரியவர் உட்காரும் மரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை, நாடு முழுக்க 79 இடங்களில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை முப்பரிமாண ஸ்கேனரில் வைத்து அளந்தவர்கள் அவர்கள். அவர்கள் கண்டது: இந்தியர்களின் கால் ஐரோப்பியர், அமெரிக்கர் கால்களைவிட அகலம். அதனால் நாம் தேவைக்கு மேல் நீளமான ஷூவை வாங்கி, தொளதொளவென்று இருப்பதைச் சமாளிக்க நாடாவை அளவுக்கு மீறி இறுக்குகிறோம். என் வீட்டுக்குள் வந்து பார்த்து எழுதியதுபோலவே இருந்தது. அந்த அளவுகளிலிருந்து இந்தியாவுக்கென்று தனி எண்முறை ஒன்றை வகுத்து 'பா' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். இதோடு இன்னொரு வேடிக்கை: ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஏற்றுமதிக்குத் தைக்கும் ஷூக்கள் ஐரோப்பியக் காலின் அச்சுக்கட்டையில்தான் உருவாகின்றன. தைப்பவரின் காலே அதற்குள் வசதியாகப் போகுமா என்பது சந்தேகம்தான்.

நெஞ்சில் அடித்த செய்தி ஒன்றும் உண்டு. 2016இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ராட்ஜர் கிராமும் அவருடைய மாணவரும் சைக்கிள்காரர்களைச் சாதாரண ஓட்ட ஷூவோடு தட்டைப் பெடலிலும், கிளீட் ஷூவிலும் மாற்றி மாற்றி மிதிக்கவைத்து, செலவாகும் சக்தியை அளந்தார்கள். நிதானமான வேகத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பின்னால் வந்த ஆய்வில், முழு வீச்சில் சீறும்போது கிளீட் ஷூ கூடுதல் விசை தருவது தெரிந்தது. நான் சீறியதில்லை. நாய் துரத்தியபோது ஒருமுறை முயன்றேன், நாயே சலித்துப்போய் நின்றுவிட்டது.

கடைசியில் ஒரு சாயங்காலம், ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு, ஓட்டும்போது போடும் சாக்ஸையே போட்டுக்கொண்டு, ஏ4 தாளின் மேல் நின்றேன். பேனாவைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரைந்தேன். "என்னங்க இது, உங்க காலுக்குக் கோலமா?" என்றாள் மனைவி. அகலத்தை அவளே ஸ்கேலால் அளந்து உரக்கப் படித்தாள். நான் மறுக்கவில்லை. அந்த அளவைக் கொடுத்து, அகலக் காலுக்கென்றே வரும் மாடலில், இரண்டு துளை ஷூ தருவித்தேன். கிளீட்டைக் குதிகால் பக்கமாகக் கொஞ்சம் பின்தள்ளிப் பூட்டினேன், எரிச்சல் குறைந்தது. நிறம் கறுப்பு, பார்க்க ஸ்கூல் ஷூ. எண் எட்டரை.

பழைய மூன்று ஜோடியும் மூன்று துளைப் பெடலும் பரண்மேல் இருக்கின்றன. எட்டு, ஒன்பது, பத்து எண்களில் ஒல்லிக் கால் உள்ளவர்கள் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். எட்டாம் எண்ணில் இடது ஷூ மட்டும் ஓரம் உரசியிருக்கும், மற்றபடி புதுசு. வருபவர்கள் தயவுசெய்து சாயங்காலமாக வாருங்கள். விலையை வீட்டில் சத்தமாகப் பேச வேண்டாம்.