இறங்காதார் இலக்கணம்

கூலிக்குச் சைக்கிள் மிதிப்போர் இருவகையர்: நெடுவழியர், வட்டத்தர். நெல் மூட்டையேற்றி மில்லுக்குப் போவோரை மூன்றாம் வகையாக்குவாரும் உளர். அவர்க்குக் கைதட்டுவாரில்லை, ஆகவே இங்கு இடமுமில்லை.

நெடுவழியர்க்கு நிலம் பிரான்ஸ். 1903இல் ஒரு பத்திரிகை தன் விற்பனை பெருக நடத்திய முதல் தூர் தெ பிரான்ஸில் 60 பேர் புறப்பட, 21 பேர் முடித்தனர். 2,428 கிலோமீட்டர் ஓடி வென்ற மொரிஸ் கரேன் புகைபோக்கி துடைத்துப் பிழைத்தவர். அந்நாளில் இவ்வினத்தார்க்கு உதவி விலக்கு. 1913இல் மலையில் ஃபோர்க் முறிய, எழேன் கிறிஸ்தோஃப் வண்டியைச் சுமந்து இறங்கி, கொல்லன் பட்டறையில் தாமே அடித்துச் சேர்த்தார். துருத்தி ஊதியது ஒரு பையன் என்பதால் தண்டம் விழுந்தது.

வட்டத்தர் நம்மவர். தை அறுவடை முடிந்து ஊரார் கையில் காசு புழங்கும்போது திருவாரூர்ப் பக்கத்துத் திடல்களில் தென்படுவர். நடுவே கம்பம், நாலு டியூப்லைட், ஓயாத மைக்செட். சுற்றிச் சுற்றி ஏழு நாள். குளியல், சவரம், சாப்பாடு எல்லாம் சீட்டின்மேல். உதவி இவர்க்கு விலக்கன்று. சொம்பு நீட்ட ஒருவர், தட்டு நீட்ட ஒருவர், சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்த ஊரே வரும்.

நம்மவர் நெடுவழி ஓடாதது என்னையெனின், மலையில்லாக் குறையன்று. ஆடிக் காற்றில் திருவாரூரிலிருந்து தஞ்சாவூர் நோக்கி மிதித்தவர்க்கு ஆல்ப்ஸ் எதற்கு? கடந்து போகிறவனிடம் நோட்டுக் குத்த முடியாது என்பதே காரணம். தவிர, ஆழித்தேர் நாலு வீதி சுற்றிப் புறப்பட்ட நிலைக்கே திரும்பும் ஊர் இது. அதை வீண் பயணம் என்றவர் எவருமில்லை.

நியூயார்க்கின் ஆறுநாள் பந்தயத்தார் வட்டத்தர்க்குப் பங்காளிகள். ஒருவர் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் மிதிக்கலாகாது என்று சட்டம் வந்ததும், 1899 முதல் அங்கே இருவர் மாறி மாறி ஓடினர். நம் திடலுக்கு அச்சட்டம் வரவில்லை. மாறியது ரெக்கார்ட் டான்ஸ் பாட்டு மட்டுமே.

இருசாரார்க்கும் கூலி போவதற்கன்று, இறங்காமைக்கு. குற்றமும் அதனால் ஒன்றே. 1904 பந்தயத்தில் கரேன் உட்பட முதல் நால்வரும் தகுதியிழந்தனர். ரயிலேறினார்கள் என்பது புகார்களுள் ஒன்று. எங்கள் திடலிலும் ஐயம் இருந்தது: கூட்டம் கலைந்ததும் ஆள் இறங்கிப் படுத்துவிடுவார் என்று. கையும் களவுமாகப் பிடிக்க நாங்கள் நாலு பையன்கள் வைக்கோல் போரின்மேல் காவலிருந்தோம். இரண்டு மணி வரை நினைவிருக்கிறது. விழித்தபோது பொழுது விடிந்திருந்தது. அவர் ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, மறு கையால் பல் துலக்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்.