வயரு வந்துட்டுலே, வீட்டுக்கு எப்ப வரும்?

ஏலே பேராண்டி, அந்தப் போனைக் கீழ வச்சிட்டு இங்கன வா. நம்மூருக்கு ஒரு ஜிகாபிட் இன்டர்நெட் வந்துட்டுன்னு டீக்கடையில பெருமையடிச்சியாமே? ஜிகாபிட்டுன்னா எத்தன படி, எத்தன மரக்கால்னு எனக்குத் தெரியாது. எங்க வந்துருக்குன்னு மட்டும் சொல்லு. பஞ்சாயத்து ஆபீசுக்கா? சரி, ஆபீசு சாவி யார்ட்ட இருக்கு?

முழிக்கியே!

நாட்டுல உள்ள ரெண்டரை லட்சம் பஞ்சாயத்துக்கும் இன்டர்நெட்டுக்குக் கண்ணாடி நூல் வயரு இழுக்கணும்னு டெல்லிக்காரன் 2011-ல திட்டம் போட்டான். அப்புறம் அதுக்குப் பாரத்நெட்னு பேரு மாத்துனான். பேரு மாத்துறதுக்கு ஆட்சியில இருக்கவனுக்குச் சொல்லியா குடுக்கணும்? நம்ம மாநிலத்துல இந்த வேலைக்குன்னே டான்பிநெட்னு ஒரு அரசாங்கக் கம்பெனி வச்சாங்க. டெண்டர்ல வில்லங்கம், புதுசா விடுன்னு 2020-ல டெல்லி சொல்லிட்டு. வேல ஆரம்பிக்கவே 2022 ஆயிட்டு. மொத்தம் 12,525 பஞ்சாயத்து. திட்டம் போட்ட வருசம் பொறந்த பய இப்ப மீசய முறுக்கிட்டுத் திரியுதான்.

வயரு பெரும்பாலும் கரண்டுக் கம்பத்து மேலயே போவுது. தோண்ட வேண்டாம், செலவு கம்மி. நல்ல யோசனதான், நான் கொற சொல்லல. ஆனா காத்துல தென்ன மட்ட விழுந்து அறுந்தா யாருலே வருவா? இதுல செம்புக் கம்பின்னு நெனச்சு வெட்டுத பயலுவ வேற. அதுல ஒரு பொட்டு உலோகம் கெடையாதுப்பான்னு கலெக்டர் ஆபீசுல இருந்து அறிவிப்பு போடுதாங்க. களவாங்கக்கூட இப்ப நாலெழுத்து படிச்சிருக்கணும் போல.

ஆபீசுக்குள்ள எட்டிப் பாத்தேன். செவுத்துல இரும்புப் பொட்டி, உள்ள மெசினு, பக்கத்துல யூபிஎஸ். எவனோ மெசினு பிளக்கப் புடுங்கிட்டு ஃபேனச் சொருகி வச்சிருக்கான். பாவம், அவனுக்குப் புழுக்கம். கம்மா நெறஞ்சு கெடந்து என்னலே, மடை தெறக்க ஆளில்லன்னா வயலு நனையுமா?

கேரளாக்காரன் 2023-ல கே-ஃபோன்னு சொந்தமாவே ஒரு இன்டர்நெட் திட்டம் தொடங்குனான். 20 லட்சம் ஏழைக் குடும்பத்துக்கு இலவசம்னான். அங்கயும் வயரு ஓடுன வேகத்துக்கு வீட்டு இணைப்பு ஓடல. நோய் நமக்கு மட்டும் இல்ல.

உனக்கு சினிமா சுத்தாம ஓடணும், அது ஒன் கவல. ஒன் ஆச்சிக்கு முதியோர் பென்சனுக்கு எழுதிப் போடணும். எனக்குப் பட்டா நகல் வேணும். அதுக்கு இன்னும் டவுனுக்கு பஸ் ஏறுதோம். ஆச்சிக்கு டவுன் பஸ்சு இலவசந்தான், ஒத்துக்கிடுதேன். போன பொழுதத் திருப்பிக் குடுப்பானா? அந்த நடை கொறஞ்சாத்தாம்லே ஒன் ஜிகாபிட்ட நான் நம்புவேன்.

அக்டோபர் 2-ந்தேதி கிராமசபை. பிரியாணிப் பொட்டலத்துக்குக் காத்து நிக்காம எந்திரிச்சுக் கேளு. வீட்டு இணைப்புக்கு மாசம் எவ்வளவு? அறுந்தா எத்தன நாள்ல ஒட்டுவாங்க? யாருக்குப் போன் போடணும்? பதில தீர்மானப் புஸ்தகத்துல எழுத வச்சு, வாசிச்சுப் பாத்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடு.