நூறு டன் ஆசை

எங்கள் பாலக்காட்டு வடகரப்பதிப் பக்கம் போர் போட ரிக் வண்டி வந்துவிட்டால் அன்றைக்கு யாருக்கும் வேறு வேலை ஓடாது. தோட்டத்துக்காரருக்குத் தண்ணீர்க் கவலை. மற்ற எல்லோருக்கும் வேடிக்கை. கம்பம் நிமிர்வதையும் பைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குவதையும் தலை வெள்ளையாகும் வரை புழுதியில் நின்று பார்ப்போம். கம்ப்ரசர் போடும் சத்தத்தில் பேச்சு எடுபடாது. முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொள்வதோடு சரி. “ஆயிரம் அடி தாண்டிப் போச்சுங்க, இன்னும் புகையாத்தான் வருது” என்று துக்கம் சொல்கிறவர் குரலில்கூட ஒரு சிட்டிகைப் பெருமை இருக்கும்.

இப்படிப்பட்ட ஊர்க்காரனிடம் வந்து, “பெரிய பெரிய ரோபோ அடிச்சுக்கற கேம்ல அப்படி என்னதான் இருக்குது?” என்று கேட்டாள் என் தங்கை. அவள் மகன் கோயமுத்தூரில் படிக்கிறான். லீவுக்கு வந்த இடத்தில் ‘ஆர்மர்டு கோர் 6’ விளையாட உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. புத்தி சொல்லி அவனை எழுப்பும் பொறுப்பை என்னிடம் கொடுத்தாள். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இப்போது எங்கள் இருவருக்கும் புத்தி சொல்ல ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள்.

சொல்லப்போனால் இது நேற்று முளைத்த பைத்தியம் அல்ல. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் முதல் ‘ஆர்மர்டு கோர்’ விளையாட்டை 1997இல் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தது. ஆறாவது பாகம், அதற்கு முந்தைய பாகம் வந்து பத்து வருஷம் கழித்து, 2023 ஆகஸ்ட் 25 அன்று வந்தது. ரூபிகான் என்றொரு கிரகம். அதில் கோரல் என்றொரு சரக்கு. அதற்காகக் கம்பெனிகள் அடித்துக்கொள்கின்றன. நாம் கூலிக்குச் சண்டை போடும் ஆள். நமக்குப் பெயர்கூடக் கிடையாது, 621 என்ற எண்தான்.

சண்டை ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. மாப்பிள்ளை மணிக்கணக்கில் கிடப்பது பட்டறையில். தலை, உடல், கை, கால் எல்லாம் தனித்தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும். காலிலேயே இரண்டு கால், பின்புறம் மடங்கும் கால், நாலு கால், டாங்கிச் சக்கரம் என்று வகைகள். நாலு கால் போட்டால் ஆகாயத்தில் மிதந்து நிற்கலாம். பெரிய பீரங்கி வேண்டுமென்றால் பாரம் தாங்கும் கால் வேண்டும். அந்தக் கால் போட்டால் வேகம் போச்சு. வேகத்துக்குப் பூஸ்டர் மாற்றினால் ஜெனரேட்டர் இழுக்காது. “மாமா, எட்டு கிலோ கணக்கா இடிக்குதுங்க” என்று ராத்திரி பதினொரு மணிக்கு என்னை எழுப்புகிறான். பத்து எச்.பி. மோட்டாருக்கு எந்த பைப் போடுவது என்று பெரியவர்கள் டீக்கடையில் பஞ்சாயத்து வைக்கும் ஊரில் வளர்ந்த எனக்கு, அதற்கு மேல் தூக்கம் எங்கிருந்து வரும்?

இந்த விளையாட்டில் நம்ப முடியாத சங்கதி ஒன்று உண்டு. ராட்சத ரோபோவைச் சொல்லவில்லை. வாங்கிய உறுப்பு பிடிக்கவில்லையென்றால் வாங்கிய அதே விலைக்குக் கடையிலேயே திருப்பி விற்கலாம்! கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் பேரம் பேசிப் பழகிய மனசு இதை ஏற்கவே மாட்டேன் என்றது. விஞ்ஞானப் புனைவு என்றால் இதுதான்.

மற்றபடி கணக்கு வழக்கெல்லாம் நமக்குப் பழகியதே. ஒரு வேலை முடிந்ததும் திரையில் பட்டியல் வரும்: பேசிய கூலி இவ்வளவு, அதில் குண்டுச் செலவு இவ்வளவு, ரிப்பேர்ச் செலவு இவ்வளவு, கழித்தது போக மிச்சம் இவ்வளவு. ஜெயித்த பிறகும் கையில் பெரிதாக ஒன்றும் நிற்காது. தக்காளியை வேலந்தாவளம் சந்தைக்கு ஏற்றிவிட்டு வரும் எவருக்கும் இந்தத் திரையை விளக்கத் தேவையில்லை. 1997இன் முதல் விளையாட்டில் இன்னும் கொடுமை. கடன் அளவுக்கு மீறினால் ஆளைப் பிடித்துப்போய் உடம்பில் சோதனை செய்து, புது மனிதனாக்கித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பயிர்க்கடன் கொடுக்கும் யாரும் இதைப் படித்துவிடாதிருக்க வேண்டும்.

இந்த ரோபோ விளையாட்டுகளில் அமெரிக்கக் குடும்பம் ஒன்று தனியாக இருக்கிறது. 1984இல் பலகை விளையாட்டாகப் பிறந்த ‘பேட்டில்டெக்’. அதிலிருந்து வந்த ‘மெக்வாரியர்’ வீடியோ கேம்கள். அங்கே ரோபோக்களை எடை போட்டு ஜாதி பிரிக்கிறார்கள். இருபது டன் என்றால் நோஞ்சான். நூறு டன் என்றால் மிராசுதார். எல்லா ஆயுதத்தையும் ஒரேயடியாகச் சுட்டால் சூடேறி, நடுச்சண்டையில் இயந்திரம் பொட்டென்று அணைந்துவிடும். சூடு தணிய அந்த மிராசுதார் எருமைபோலக் குட்டையில் இறங்கி நிற்க வேண்டியதுதான். ஏப்ரலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் பாலக்காட்டில் இதற்கு உரை எழுத வேண்டுமா? நடுப்பகலில் எங்கள் தோட்டத்து மோட்டாரும் இப்படித்தான் அணையும். வலதுகரைக் கால்வாய்த் தண்ணீர் வரும் வரும் என்று காத்திருக்கும் எங்களுக்கு, இறங்கி நிற்கக் குட்டைதான் அகப்படாது.

கஷ்டத்தையே சுகமாக விற்றவர்களும் உண்டு. கேப்காம் 2002இல் வெளியிட்ட ‘ஸ்டீல் பட்டாலியன்’ விளையாட்டோடு சுமார் நாற்பது பொத்தான், இரண்டு நெம்புகோல், மூன்று மிதிகள் கொண்ட மேஜையளவு கருவியும் வந்தது. ரோபோ வெடிக்கும் முன் ‘வெளியேறு’ பொத்தானை அமுக்காவிட்டால் நம் ஆள் செத்துப்போவான். சேமித்து வைத்த ஆட்டமும் அவனோடு அழிந்துவிடும். காசு கொடுத்து இதை வாங்கினார்களா என்று தங்கை கேட்டாள். வாங்கினார்கள், இன்றும் தேடுகிறார்கள்.

ஏன்? எனக்குத் தெரிந்தவரை, சண்டையை நினைத்து யாரும் இதில் விழவில்லை, விழவைப்பது எடை. நம்மைவிட ஆயிரம் மடங்கு பாரமான ஒன்று, நம் விரல் அசைவுக்குக் கட்டுப்படுகிறது. ஆனால் முழுசாகக் கட்டுப்படுவதில்லை. இழுக்கிறது, முரண்டு பிடிக்கிறது, சூடாகிறது. அந்த முரண்டை அடக்கி ஓரடி எடுத்து வைத்தால் வரும் சந்தோஷம், சொன்னபடி கேட்கும் பொம்மையிடம் வராது. ‘எந்திரன்’ படத்தின் கடைசியில் சிட்டி ரோபோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பேருருவம் எடுத்தபோது 2010இல் நாம் கை தட்டினோம். கேமில் அந்த உருவத்துக்குள்ளே போய் உட்காரலாம்.

உள்ளே உட்காரும் யோசனைக்கு ஆதி, ஜப்பானியப் படக்கதை ஓவியர் கோ நாகாயின் ‘மசிங்கர் ஸெட்’, 1972. வாகன நெரிசலில் மாட்டி நின்றபோது, தன் வண்டிக்குக் கைகால் முளைத்து மற்ற வண்டிகளைத் தாண்டி நடந்துபோகாதா என்று அவருக்குத் தோன்றியதாம். வாளையார் செக்போஸ்டில் லாரிகள் நாள்கணக்கில் வரிசை கட்டி நின்ற காலத்தில், டிரைவர்களில் ஒருவருக்குப் படம் போட வந்திருந்தால் இந்தக் கலையே பாலக்காட்டில் பிறந்திருக்கும்.

பாரத்தின் மேல் வரும் இந்த ஆசை கேரளத்துக்கும் புதிதல்ல. யானைக்கு யானை ரசிகர் கூட்டம் உள்ள நாடு இது. திருச்சூர் மாவட்டம் இரிஞ்சாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலில் 2023 பிப்ரவரியில் ராமன் என்ற இயந்திர யானையையே சாமிக்குக் காணிக்கையாக நடை இருத்தினார்கள். பதினோரு அடி உயரம், எண்ணூறு கிலோ. காதும் வாலும் மோட்டாரில் ஆடும். மதம் பிடிக்காது என்பது அதன் தனிச்சிறப்பு. மதம் பிடிக்காத யானைக்கு ரசிகர் சேர்வாரா என்று சில யானைப் பிரியர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். முரண்டு இல்லாத பாரத்தில் ருசி குறைவு என்பது என் கட்சி என்பதால், அவர்கள் பக்கமும் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

எங்கள் அப்பா இதையெல்லாம் கட்டிலில் இருந்தபடியே கவனித்துக்கொண்டிருந்தார். தென்னந்தோப்பு வைத்திருப்பவர். மரமேற ஆள் கிடைக்காத பஞ்சத்தில், தென்னை வளர்ச்சி வாரியமே 2011இல் ஆள்களுக்குப் பயிற்சி கொடுக்கத் திட்டம் போட்ட ஊர் நம்முடையது. ஒரு நாள் பேரனைக் கூப்பிட்டார்.

“ஏங்கண்ணு, ரெண்டு கையிலயும் துப்பாக்கி வெச்சிருக்குதே, அருவா வெச்ச மாடல் இல்லியா?”

“வாள் இருக்குதுங்க அப்பிச்சி. லேசர் வாள்.”

“மரம் ஏறுமா?”

“ஏற வேண்டாங்க. பறக்கும்.”

“குலையைச் சேதாரமில்லாம வெட்டுமா?”

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்து, “மரத்தோட சேர்த்து வெட்டிருமுங்க” என்றான்.

அப்பா ரோபோவின் காலையும் கையையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“அதெல்லாம் பழக்குனா சரியாயிரும். மரத்துக்கு எவ்வளவு கூலின்னு மட்டும் கேட்டுச் சொல்லு. குண்டுச் செலவு நம்மளுது இல்லைன்னு இப்பவே பேசிரு.”