ஜெர்சி போட்ட பஞ்சாயத்து

மோகன் பகானின் மெரூன் வெளுத்துவிட்டது, சென்னையின் எஃப்.சி.யின் நீலம் பழைய நீலமே இல்லை என்று கால்பந்து ரசிகர்கள் தொண்டை வறளச் சண்டை போடுகிறார்கள். சின்னப் பிள்ளைகள். சட்டைக்கே இந்தப் பாடா?

பெரிய மனது வேண்டுமானால் ஆந்திரத்தைப் பாருங்கள். அங்கே ஜெர்சி போட்டது பஞ்சாயத்துக் கட்டடம். ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் ஆட்சியில் சித்தூரிலிருந்து ஸ்ரீகாகுளம் வரை சுவரெல்லாம் கட்சிக்கொடியின் நீலம், வெள்ளை, பச்சை. மக்களுக்கு எவ்வளவு சௌகரியம்! ஆளுவது யார் என்று பேப்பர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ரசனை போதாத உயர்நீதிமன்றம் 2020 மார்ச்சில் அழிக்கச் சொன்னது. அரசு அசரவில்லை. ஏப்ரலில் அரசாணை 623 வந்தது: பச்சை என்றால் விவசாயம், நீலம் என்றால் நீலப் புரட்சி, வெள்ளை என்றால் பால். கூடவே செம்மண் நிறத்தில் ஒரு பட்டை. கொடியில் செம்மண் உண்டா? இல்லை. அப்புறம் எப்படி இது கொடியாகும்? இந்த நுட்பம் ஜூனில் உச்சநீதிமன்றத்துக்கும் பிடிபடவில்லை. நாலு வாரத்தில் அழி என்றது.

வெள்ளையடித்துவிடலாம்தான். ஆனால் அந்த வெள்ளை, பாலின் வெள்ளையா, கொடியின் வெள்ளையா? சாயம் பார்க்க நிபுணர் குழு போடுவதே முறை.

2024இல் ஆட்சி மாறி மஞ்சள் கட்சி வந்தது. புதியவர்கள் காரணம் தேடித் திருப்பதி மலையேற வேண்டாம். சித்தூர் முழுக்க மாந்தோப்பு. பழுத்தால் என்ன நிறம்?